சுத்து எங்கே நீளுகிறது?

நெய்வேலி டவுன்ஷிப்பில் எந்த வட்டத்துக்குப் போனாலும், சாயங்காலம் ஆனால் ஏதோ ஒரு மைதானத்தில் டென்னிஸ் பால் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும். கோட்டுக்கு வெளியே நிற்கிறவர்கள் கத்துவது பெரும்பாலும் ஒரே வார்த்தைதான். பந்தை விட்டு ஸ்டம்பைப் பறிகொடுத்தவனுக்கு "ஏண்டா சுத்துன?" என்று திட்டு. அதே பையன் அடுத்த ஆட்டத்தில் மரத்துக்கு மேலே தூக்கிவிட்டால் "என்னா சுத்து!" என்று பாராட்டு. ஒரே சொல் திட்டாகவும் பாராட்டாகவும் இருக்கிறதென்றால், அது நடந்த விளைவைத்தான் சொல்கிறது. அடி எப்படி இருந்தது என்று சொல்லவில்லை. கற்றுக்கொடுக்கிறவர்களும் இதே குழப்பத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். பையனின் சுத்து நீளம் என்று தோன்றியதும் "மட்டையை ரொம்பத் தூக்காதே" என்கிறார்கள், இல்லாவிட்டால் "அடித்த பிறகு அவ்வளவு வீசாதே" என்கிறார்கள். இந்த இரண்டு அறிவுரையும் நோய் இல்லாத இடத்தில் போடுகிற ஊசி என்பது என் கட்சி. மட்டை எவ்வளவு உயரம் போனது, அடித்த பிறகு எங்கே போய் நின்றது என்பதில் சுத்தின் நீளம் இல்லை. மட்டை கீழே இறங்கத் தொடங்கிய நொடியிலிருந்து பந்தைத் தொடும் வரை, கைகள் எப்போது உடம்பை விட்டு விலகின என்பதில்தான் அது இருக்கிறது.

இதைக் கண்ணால் பார்க்க நம் தமிழ்நாட்டு ஆட்டக்காரர்கள் இருவரின் இரண்டு அடிகள் போதும். 2018 மார்ச் 18, கொழும்பு பிரேமதாசா அரங்கம், நிதாகஸ் கோப்பை இறுதிப் போட்டி. கடைசிப் பந்தில் இந்தியாவுக்கு 5 ரன் தேவை. சௌம்யா சர்க்கார் போட்ட பந்தை தினேஷ் கார்த்திக் எக்ஸ்ட்ரா கவருக்கு மேலே, உயரமே போகாத ஒரு கோடாக அனுப்பி ஆட்டத்தை முடித்தார். 8 பந்தில் 29 ரன். அடுத்தது 2021 நவம்பர் 22, டெல்லி, சையத் முஷ்டாக் அலி கோப்பை இறுதிப் போட்டி. கர்நாடகத்துக்கு எதிராகத் தமிழ்நாட்டுக்குக் கடைசிப் பந்தில் தேவைப்பட்டதும் அதே 5 ரன்தான். ஆறடியைத் தாண்டிய உயரமும் நீண்ட கைகளும் கொண்ட ஷாருக் கான் டீப் ஸ்கொயர் லெக் பக்கம் தூக்கி அடித்தார். 15 பந்தில் 33 ரன். முதல் அடியைப் பார்க்கிறவர்கள் கச்சிதம் என்பார்கள், இரண்டாவதை நீளம் என்பார்கள். ஆனால் கவனியுங்கள். கார்த்திக் அடித்த பந்து ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போன பந்து. அதைத் தொடும்போது அவர் கைகள் நன்றாக நீண்டுதான் இருந்தன. கை நீண்டாலே சுத்து நீளம் என்றால், கச்சிதம் என்று நாம் கொண்டாடும் அந்த அடியும் நீளமான சுத்தாகிவிடும். அப்படியானால் நாம் பிடித்திருக்கும் அளவுகோலில் எங்கோ பிசகு இருக்கிறது.

பிசகு இங்கேதான். ஓர் அடியில் மூன்று பகுதிகள் உண்டு. மட்டையைத் தூக்குவது ஒன்று, இறக்குவது ஒன்று, அடித்த பிறகு முடிப்பது ஒன்று. இவற்றில் முதல் பகுதி பந்து வீச்சாளரின் கையை விட்டுப் புறப்படும்போதே பெரும்பாலும் முடிந்துவிடும். அது யாருடைய நேரத்தையும் தின்பதில்லை. மூன்றாவது பகுதி பந்து போன பிறகு நடப்பது. எவ்வளவு நீண்டாலும் போன பந்தை அது ஒன்றும் செய்ய முடியாது. பந்தோடு போட்டி போடுவது நடுப்பகுதி மட்டும்தான். பிரையன் லாரா மட்டையைத் தூக்கிய உயரத்தைப் பார்த்தால் நம் ஊர்ப் பயிற்சியாளர்கள் பாதிப் பேர் அவரைத் திருத்தப் போயிருப்பார்கள். அந்தத் தூக்கோடுதான் அவர் டெஸ்டில் 1994-இல் 375, 2004-இல் ஆட்டமிழக்காமல் 400 என்று இரண்டு முறை உலக சாதனை வைத்தார். மட்டை மேலே காத்திருந்தது. இறங்கும்போது தாமதமாகவும் வேகமாகவும் இறங்கியது. டான் பிராட்மேன் மட்டையை நேராகத் தூக்கவில்லை, ஸ்லிப் பக்கமாகத் தூக்கி ஒரு வளைவாகக் கொண்டுவந்தார். சிறு வயதில் ஒரு ஸ்டம்பை மட்டையாக்கி, தண்ணீர்த் தொட்டியின் அடிச்சுவரில் கால்ஃப் பந்தை எறிந்து எறிந்து அடித்துப் பழகியவர் அவர். திரும்பி வரும் கால்ஃப் பந்து யாரையும் காத்திருக்க விடாது. அந்தப் பழக்கத்தில் வளைவு எங்கே இருந்தாலும் இறக்கம் குறுகியே ஆக வேண்டும். அவருடைய சராசரி 99.94 என்பதை எல்லாரும் சொல்வார்கள். தூக்கு பாடப்புத்தகத்துக்கு மாறாக இருந்தும் அந்த எண் வந்தது என்பதை யாரும் சொல்வதில்லை.

நடுப்பகுதி ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். மாவட்ட அளவில் வேகமாக வீசும் ஒரு பையன் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் போடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 30 மீட்டர் சொச்சம். வீசும் கோட்டுக்கும் அடிக்கும் கோட்டுக்கும் இடையே 17.68 மீட்டர். ஆக, பந்து வந்து சேர ஏறக்குறைய 0.6 விநாடி. இதில் கண் பார்த்ததை உடம்பு செயலாக்கத் தொடங்கவே ஏறக்குறைய 0.2 விநாடி ஆகிவிடும். இது பயிற்சியால் கரைகிற நேரம் இல்லை. 1987-இல் பீட்டர் மெக்லியோட் என்ற ஆய்வாளர் இங்கிலாந்தில் ஒரு சோதனை செய்தார். விரிப்புக்கு அடியில் மெல்லிய மரக்குச்சிகளை வைத்து, பந்து எதிர்பாராமல் திரும்பும்படி ஏற்பாடு செய்து, தேர்ந்த ஆட்டக்காரர்களை ஆடவைத்துப் படம் பிடித்தார். பந்து குத்திய பிறகு சுமார் 0.2 விநாடி வரை அவர்களாலும் மட்டையின் போக்கை மாற்ற முடியவில்லை. சாதாரண ஆளுக்கும் அவர்களுக்கும் இந்த ஒரு விஷயத்தில் வித்தியாசமே இல்லை. சரி, 0.6-இல் 0.2 போய்விட்டது. மட்டை இறங்க இன்னொரு 0.17 முதல் 0.22 விநாடி என்று வைத்தால், பந்தை வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கக் கிடைப்பது 0.2 விநாடிக்கு இப்படியோ அப்படியோதான். இறக்கத்தில் 0.05 விநாடி மிச்சம் பிடித்தால், பார்க்கும் நேரத்தில் நாலில் ஒரு பங்கு கூடுகிறது. பந்து இன்னும் ஒன்றரை மீட்டர் நெருங்கி வரும் வரை முடிவை ஒத்திப்போடலாம். கச்சிதமான சுத்து என்று சொல்கிறோமே, அதன் முழுப் பயனும் இந்த ஒன்றரை மீட்டரில்தான் இருக்கிறது. அழகுக்காகச் சொல்கிற வார்த்தை அது இல்லை. தாமதமாக முடிவெடுக்கும் உரிமை அது.

அடுத்து, இறக்கம் எதனால் நீளுகிறது? முக்கியமான காரணம், கைகள் முதலிலேயே உடம்பை விட்டு விலகிவிடுவது. ஒரு கனத்தைச் சுழற்ற ஆகும் சிரமம், அச்சிலிருந்து அது இருக்கும் தூரத்தின் வர்க்கத்தோடு கூடும். தூரம் இரண்டு மடங்கானால் சிரமம் நான்கு மடங்கு. மட்டையும் கையும் தொடக்கத்திலேயே வெளியே நீண்டுவிட்டால், அதே உடல் பலம் கூடுதல் பாரத்தைத் திருப்ப வேண்டியிருக்கிறது. அதனால் சுத்து மெதுவாகத் தொடங்கும். மெதுவாகத் தொடங்குவதால் சீக்கிரமே தொடங்கியாக வேண்டும். சிலம்பம் சுற்றுகிறவர்களைப் பாருங்கள். கம்பின் நுனி காற்றைக் கிழித்துக்கொண்டு பெரிய வட்டம் போடும். கையோ உடம்பை ஒட்டியே நிற்கும், மணிக்கட்டு திரும்பும். கையையும் நுனியோடு சேர்த்துப் பெரிய வட்டம் போட விட்டால் கம்பு கனத்துப்போகும். சாட்டை வீசுவதிலும் இதே சூட்சுமம்தான். பிடி முதலில் போகும், நுனி கடைசியில் வரும், கடைசியில் வருவதால்தான் வெடிக்கும். மட்டை வீச்சிலும் இடுப்பு, தோள், முழங்கை, மணிக்கட்டு என்று வரிசையாக அவிழ வேண்டும். தொடக்கத்தில் ஒட்டியும் கடைசியில் விரிந்தும் போனால் அது கச்சிதம். தொடக்கத்திலேயே விரிந்தால் அது நீளம். கார்த்திக்கின் கைகள் நீண்டது பந்தைத் தொடும் நேரத்தில் என்பதால்தான் அவர் அடி கச்சிதமானது.

நெய்வேலிக்காரர்களுக்கு இதை விளக்க ஊரின் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. மண் தோண்டும் பக்கெட் வீல் எந்திரத்தின் நீண்ட கையைப் பார்த்திருப்பீர்கள். நுனியில் வாளிகள் கோத்த பெரிய சக்கரம். அது முன்னால் சாய்ந்துவிடாமல் இருக்கப் பின்பக்கம் பெரும் எதிர் எடை. அந்தக் கை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் திரும்பும் வேகம், நின்று பார்க்கிறவனுக்குத் திரும்புகிறதா என்றே சந்தேகம் வரும் அளவுக்கு நிதானம். எட்டும் தூரம் வேண்டும் என்பதற்காக வேகத்தை விலையாகக் கொடுத்த எந்திரம் அது. அது செல்லுபடியாவதற்குக் காரணம், எதிரே இருக்கும் மேல்மண் எங்கேயும் ஓடிவிடாது என்பதுதான். சம்மட்டி அடிக்கிறவரும் கையை முழுக்க நீட்டி வட்டம் போடலாம், கல் காத்திருக்கும். மட்டைக்காரனுக்கு அந்தச் சலுகை கிடையாது. அவன் அடிக்க வேண்டிய பொருள் அவனை நோக்கி ஓடி வருகிறது, போதாததற்குக் குத்தித் திரும்பவும் செய்கிறது.

கிரிக்கெட்டில் இதற்கெல்லாம் எண் கேட்டால் நம்மிடம் பொதுவில் அதிகம் இல்லை. பேஸ்பாலில் இருக்கிறது. அமெரிக்க மேஜர் லீக் 2024 மே மாதத்தில் மட்டையின் வேகத்தையும் சுத்தின் நீளத்தையும் அளந்து பொதுமக்கள் பார்வைக்கு வைத்தது. அங்கே சராசரி மட்டை வேகம் மணிக்கு சுமார் 116 கிலோமீட்டர். மட்டை நுனி பந்தைத் தொடும் வரை கடக்கும் தூரம் சராசரியாக 2.2 மீட்டர். அந்த வரிசையில் மிகக் குறுகிய சுத்துக்காரர்களில் முதல் ஆள் லூயிஸ் அராயஸ், சுமார் 1.8 மீட்டர். அவர் மட்டை வேகமும் லீக்கிலேயே மிகக் குறைவு, 100 கிலோமீட்டர் அளவில். ஆனால் அந்த மனிதர் 2022, 2023, 2024 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் தம் லீக்கின் பேட்டிங் பட்டத்தை வென்றார், அதுவும் வெவ்வேறு அணிகளுக்கு ஆடி. 2024 முழுவதும் அவர் ஸ்ட்ரைக் அவுட் ஆனது 29 தடவைதான். மறு கோடியில் ஜியான்கார்லோ ஸ்டான்டன். வேகம் 130 கிலோமீட்டரைத் தொடும், நீளமும் சராசரிக்கு மேல். நம் சிக்ஸருக்கு இணையான ஹோம் ரன் 2017-இல் 59 அடித்தவர். பேஸ்பாலில் பந்து வந்து சேர 0.4 விநாடிதான், சுத்துக்கு அதில் 0.15 விநாடி போய்விடும். எனவே அங்கே இந்த விவாதம் நம்மைவிடக் கூர்மையானது. அவர்களுடைய எண்ணிலேயே ஓர் எச்சரிக்கையும் ஒளிந்திருக்கிறது. பந்தை உடம்புக்கு முன்னால் வெகு தூரத்தில் சந்தித்தால், கை ஒழுங்காக இருந்தாலும் மட்டை நுனி கூடுதல் தூரம் போயிருக்கும். அளவு நீளம் என்று காட்டும். பந்தைத் தன் பக்கம் வரவிட்டு அடித்தால் குறுக்கம் என்று காட்டும். ஆகவே மீட்டர் கணக்கை மட்டும் பார்த்து ஒருவனை நீளக்காரன் என்று முத்திரை குத்த முடியாது. கை எந்த நேரத்தில் உடம்பை விட்டது என்ற கேள்வியைச் சேர்த்தே அந்த எண்ணைப் படிக்க வேண்டும்.

இந்த வெளிச்சத்தில் நம் வட்டங்களின் மைதானத்துக்குத் திரும்பலாம். நீளமான சுத்து இங்கே பிறப்பது பையன்களின் ஒழுங்கின்மையால் இல்லை. டென்னிஸ் பந்துதான் அதை வளர்க்கிறது, வளர்த்ததற்குக் கூலியும் கொடுக்கிறது. டென்னிஸ் பந்தின் எடை 58 கிராம் அளவு. தோல் பந்தான ஸ்டிச் பால் 156 முதல் 163 கிராம். இலேசான பந்து காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கும், குத்தியதும் இடுப்புக்கு மேலே எழும்பி நின்று வரும். அடிக்கிறவனுக்கு நேரம் தாராளமாகக் கிடைக்கிறது. அதே இலேசு, அடித்த பிறகும் பந்தைக் காற்றில் தடுக்கிறது. எல்லையைத் தாண்ட வேண்டுமென்றால் மட்டை வேகம் எக்கச்சக்கமாக வேண்டும். பின்பக்கம் குடைந்த டென்னிஸ் மட்டைகளும் எடை குறைந்தவை. அவற்றைக் கை நீட்டிச் சுத்தினாலும் பாரம் பெரிதாகத் தெரியாது. நேரம் உண்டு, வேகம் தேவை, மட்டை இலேசு. இந்த மூன்றும் சேர்ந்தால் எந்தப் புத்திசாலிப் பையனும் நீளமாகச் சுத்தத்தான் கற்றுக்கொள்வான். அவன் தவறு செய்யவில்லை. தன் சூழ்நிலைக்குச் சரியான விடையைக் கண்டுபிடித்திருக்கிறான். சிக்கல் வருவது, அதே சுத்தை ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள மட்டையோடு ஸ்டிச் பாலுக்கு எடுத்துப்போகும் நாளில்தான். அன்றைக்குப் பந்து காத்திருக்காது, மட்டை கனக்கும், கை பழைய வழியிலேயே போகும். உடனே "இவனுக்குத் திறமை அவ்வளவுதான்" என்று முடிவு கட்டிவிடுகிறோம். அவனிடம் இருப்பது திறமைக் குறைவு இல்லை, கை விலகும் நேரத்தில் ஒரு பழக்கப் பிசகு. முன்னதற்கு மருந்து கிடையாது, பின்னதற்கு உண்டு. இந்த இரண்டையும் குழப்பி எத்தனை பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியிருப்போம் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளில் முதலாவது, பலம் பற்றியது. நீளமாகச் சுத்தினால் வேகம் கூட்ட அதிக தூரம் கிடைக்கிறதே, கச்சிதமாக அடித்தால் சிக்ஸர் எப்படிப் போகும் என்று கேட்பார்கள். இதில் உண்மை இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. பேஸ்பால் எண்களும் அதைத்தான் சொல்கின்றன. வேகமான சுத்துகள் பொதுவாக நீளமானவையாகவும் இருக்கின்றன. பட்டம் வென்ற அந்த 2024-இல் அராயஸ் அடித்த ஹோம் ரன் வெறும் 4. குறுக்கத்துக்கு ஒரு விலை உண்டு, அவர் அதைக் கொடுத்தார். ஆனால் நீளத்தில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, உடம்பு வரிசையாக அவிழ்ந்து, கடைசியில் நுனி பெரிய வட்டமாக வெடிக்கும்போது வரும் நீளம். அந்தத் தூரம் வேகமாக மாறுகிறது. இன்னொன்று, கை முதலிலேயே விலகி, மட்டை வெளியே சுற்றி வளைந்து வரும் நீளம். இந்தத் தூரத்தில் மட்டை மெதுவாகத்தான் நகர்கிறது, நேரம்தான் போகிறது. ஷாருக் கானின் நீளம் பெரும்பாலும் அவர் கையின் நீளம். ஆறடி ஆள் கச்சிதமாக அடித்தாலும் ஐந்தடி ஆளைவிட வட்டம் பெரிதாகத்தான் தெரியும். எனவே "குறுக்கு, குறுக்கு" என்று நான் சொல்ல வரவில்லை. வேகம் தராத நீளத்தை மட்டும் வெட்டு என்கிறேன். வேகம் தரும் நீளத்தில் கை வைத்தால் பையனிடம் இருக்கும் ஒரே ஆயுதத்தையும் பிடுங்கியவர்கள் ஆவோம்.

இரண்டாவது மறுப்பு, காலம் மாறிவிட்டது என்பது. இருபது ஓவர் ஆட்டம் வந்த பிறகு எவன் பந்தைக் கடைசி வரை பார்க்கிறான், எங்கே விழும் என்று ஊகித்து முன்கூட்டியே சுத்துகிறவன்தானே ஜெயிக்கிறான் என்பார்கள். ஊகம் சரியாக விழும் நாளில் எந்தச் சுத்தும் நல்ல சுத்துதான். ஊகம் தப்பும்போதுதான் சுத்தின் தரம் தெரியும். அதைச் சோதிக்கவே ஒரு பந்து இருக்கிறது, யார்க்கர். காலடியில் வந்து விழும் பந்துக்கு, வெளியே சுற்றி வளைந்து வரும் மட்டை நேரத்துக்குக் கீழே வந்து சேராது. அந்தப் பந்தால் பேர் வாங்கிய நடராஜன் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பால் ஆடி வளர்ந்தவர். 2020 ஐபிஎல்லில் அவருடைய யார்க்கர்கள் ஊரறிந்தவை. அந்த ஆண்டு டிசம்பரிலேயே ஆஸ்திரேலியாவில் இந்திய அணிக்கு ஆடினார், 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்டும் ஆடினார். நீளமான சுத்தை வளர்க்கும் அதே டென்னிஸ் பால் மைதானம், அந்தச் சுத்தை அறுக்கும் பந்தையும் வளர்த்திருக்கிறது. பந்து வீசுகிறவன் தன் பாடத்தைப் படித்து உலக மேடைக்குப் போய்விட்டான். மட்டைக்காரனுக்கு அதற்கு இணையான பாடத்தை நாம் இன்னும் சரியாகச் சொல்லித் தரவில்லை. இருபது ஓவர் ஆட்டம் கச்சிதத்தின் தேவையைக் குறைக்கவில்லை. கடைசி ஓவர்களில் யார்க்கரும் மெதுவான பந்தும் மாறி மாறி வரும்போது, தாமதமாக முடிவெடுக்கும் உரிமைக்கு முன்பைவிட விலை கூடியிருக்கிறது.

மூன்றாவது மறுப்பை நான் மிகவும் மதிக்கிறேன். டென்னிஸ் பால் ஆட்டம் தனி ஆட்டம், அதை ஏன் ஸ்டிச் பாலுக்கு ஏணியாக மட்டும் பார்க்கிறீர்கள் என்பது அது. நியாயமான கேள்வி. ஷிப்டு முடிந்து வந்து மைதானத்தில் இறங்கும் ஒருவருக்கும், விடுமுறையில் வட்டத்துக்கு வட்டம் மோதும் பிள்ளைகளுக்கும் அந்த ஆட்டமே நிறைவானது. 2024 மார்ச்சில் தொடங்கிய ஐஎஸ்பிஎல் போட்டி டென்னிஸ் பாலில்தான் நடக்கிறது. சென்னைக்கும் அதில் ஓர் அணி இருக்கிறது. அந்த ஆட்டத்துக்குள் நீளமான சுத்து குறையே இல்லை, தேவை. யாரும் யாரையும் திருத்த வேண்டாம். நான் பேசுவது மாவட்ட அணித் தேர்வுக்கு வெள்ளை உடை போட்டுக்கொண்டு போக ஆசைப்படும் பையனையும் பெண்ணையும் பற்றி மட்டும். அவர்களிடம் டென்னிஸ் பாலை விடச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு ஆட்டத்திலும் மாறாமல் இருக்க வேண்டியது ஒன்றுதான், அவிழும் வரிசை. கை ஒட்டித் தொடங்கினால் இலேசான மட்டையிலும் நஷ்டம் இல்லை, கனத்த மட்டையிலும் ஆபத்து இல்லை.

அப்படியானால் மைதானத்தில் என்ன செய்யலாம்? முதலில் அளக்கலாம். இன்று பலர் கையிலும் இருக்கும் செல்போனில் ஸ்லோ மோஷன் உண்டு. பல போன்கள் விநாடிக்கு 240 பிரேம் எடுக்கும். பக்கவாட்டில் நின்று படம் பிடித்து, மட்டை இறங்கத் தொடங்கிய பிரேமிலிருந்து பந்தைத் தொட்ட பிரேம் வரை எண்ணுங்கள். 40 வந்தால் 0.17 விநாடி, 52 வந்தால் 0.22. நடுவில் இருக்கும் 12 பிரேம்தான் மேலே சொன்ன அந்த ஒன்றரை மீட்டர். எண்ணியதோடு நிறுத்தாமல் அதே படத்தில் பின் கை முழங்கையைப் பாருங்கள். இறக்கத்தின் முதல் பாதியில் அது உடம்போடு இருக்கிறதா, அதற்குள் நிமிர்ந்துவிட்டதா? இந்த ஒரு கேள்விக்குக் கிடைக்கும் விடை, எல்லைக்கோட்டுக் கத்தலைவிடப் பயன் தரும். இரண்டாவது, பேஸ்பால்காரர்கள் காலங்காலமாகச் செய்யும் வேலிப் பயிற்சி. மட்டையின் பிடியை வயிற்றில் வைத்து, நுனி தொடும் தூரத்தில் ஒரு வலை முன்னால் நின்று, வலையில் படாமல் சுத்திப் பழக வேண்டும். கை முதலில் விலகினால் வலை உடனே காட்டிக்கொடுக்கும். வாயால் திருத்த வேண்டிய அவசியமே இல்லை. புல், கட் போன்ற குறுக்கு மட்டை அடிகளுக்கு இது அப்படியே பொருந்தும். நேர் மட்டை அடிக்கு, மேல் கை ஒன்றால் மட்டும் பிடித்து, உடம்புக்குப் பக்கத்தில் வரும் பந்தை மெதுவாக அடித்துப் பழகலாம். ஒற்றைக் கையால் விலகிச் சுத்தினால் மட்டையின் கனமே கையைத் திருத்திவிடும். மூன்றாவது, தூக்கு, முடிப்பு இரண்டையும் பையன் இஷ்டத்துக்கு விட்டுவிடுவது. அது அவன் கையெழுத்து.

உயரமும் பலமும் இல்லாத பிள்ளைகள்தான் இந்த விஷயத்தில் அதிகம் ஏமாறுகிறார்கள். பெரியவர்களோடு சேர்ந்து ஆடும்போது, பலம் போதவில்லையே என்று கையை இன்னும் நீட்டிச் சுத்துகிறார்கள். அப்படி நீட்டிச் சுத்துவதால் இன்னும் தாமதமாகிறார்கள். அவர்களுக்குச் சொல்ல ஓர் ஆட்டம் இருக்கிறது. 1975 ஜனவரி, சேப்பாக்கம். வெஸ்ட் இண்டீஸின் ஆண்டி ராபர்ட்ஸ் 64 ரன் கொடுத்து 7 விக்கெட் எடுத்த இன்னிங்ஸ். இந்தியா மொத்தம் எடுத்தது 190. அதில் 97 ரன், ஆட்டமிழக்காமல், ஜி. ஆர். விஸ்வநாத் எடுத்தது. குள்ளமான உருவம். பந்து உடம்பைக் கடக்கும் வரை விட்டு, மணிக்கட்டால் வெட்டும் ஸ்கொயர் கட் அவருடைய அடையாளம். அந்த டெஸ்டில் இந்தியா 100 ரன்னில் ஜெயித்தது. அவர் அடியில் பெரிய வட்டம் எதுவும் இல்லை. மற்றவர்கள் சுத்தத் தொடங்கிவிட்ட நேரத்தில் அவர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். பலமில்லாத பிள்ளைக்கு நாம் கொடுக்கக்கூடியது இந்தக் கூடுதல் நேரம்தான். அதைக் கொடுப்பதற்குப் பணம் வேண்டாம், புல்தரை ஆடுகளம் வேண்டாம். அடுத்த முறை ஒரு பையன் பந்தை விட்டு ஸ்டம்பு தெறிக்கும்போது "ஏன் சுத்துன?" என்று கேட்பதற்குப் பதிலாக, "கையை எப்ப விட்ட?" என்று கேட்டுப் பாருங்கள். முதல் கேள்விக்குத் தலை குனிவதைத் தவிர அவனிடம் பதில் இருக்காது. இரண்டாவது கேள்விக்கு அவன் மட்டையைத் தூக்கி, தன் கையையே ஒரு முறை பார்ப்பான். திருத்தம் அந்தப் பார்வையில் தொடங்கிவிடும்.